ஒரு மணி ஏழாவது நிமிடத்தில் தேத்தண்ணி

படம் பார்க்கும்போதுதான் அம்மாவுக்குத் தாகம் எடுக்கும் என்று பதினேழு வயதுவரை என் மகள் நம்பிக்கொண்டிருந்தாள். வெயிலில் நடந்து வந்தால் எடுக்காது, நாள் முழுக்க மெஷின் மிதித்தால் எடுக்காது, படம் ஓடத் தொடங்கி முக்கால் மணித்தியாலம் போனால் எடுக்கும். "மகள், ஒரு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாவன்" என்பேன். முணுமுணுத்துக்கொண்டு குசினிக்குப் போவாள். அவள் கோப்பையோடு திரும்பி வரும்போது படத்தில் எல்லாரும் உடுத்து முடித்திருப்பார்கள்.

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தேவாலயத்தில் பாதிப் பேருக்கு இப்போது தெரியும். மீதிப் பேருக்குக் கூட்டிக் குறைத்துத் தெரியும். அதைவிட நானே ஒழுங்காகச் சொல்லிவிடலாம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெரியநீலாவணையில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுப் பள்ளிக்கூட உடுப்பும் பெண்களின் சட்டைகளும் தைக்கிறேன். வீட்டுக்காரர் கல்முனையில் ஓட்டோ ஓடுகிறார். ஒரே மகள், உயர்தர வகுப்புப் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்த தேவாலயத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலை எடுக்கிறாள். இருபது நிமிடப் பாடத்துக்கு மூன்று நாள் கடதாசி வெட்டுவாள். அவளுடைய கிழமை முழுவதும் அந்த இருபது நிமிடத்தைச் சுற்றித்தான் ஓடும். அது பறிபோகப் பார்த்தது, என்னால்.

பயம் எனக்குப் பிறவிக் குணம். காஸ் அடுப்பை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். இப்படிப்பட்டவளின் வீட்டுக்குப் பெரிய டிவி ஒன்று வந்தது. வெளிநாட்டில் இருக்கும் கொழுந்தன், தான் காசு கட்டிப் படம் பார்க்கும் ஆப்பின் இரகசிய எண்ணையும் அன்பாக அனுப்பிவைத்தார். அன்றோடு என் நிம்மதி போனது. படத்தின் மூலையில் பதினாறு என்று போடுகிறார்கள், பதினெட்டு என்று போடுகிறார்கள். சிலதுக்கு ஒன்றுமே போடுவதில்லை, மோசமானது அதற்குள்தான் இருக்கிறது. மகளோ, "எல்லாரும் பாக்கிறாங்கம்மா, நாங்க மட்டும் என்னத்துக்கு அழுகிற நாடகத்தையே பாக்கிற?" என்று கேட்கிறாள். வீட்டுக்காரரிடம் கேட்டால், "நீ பாத்துச் செய்" என்பார். உலகத்தில் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

ஆராதனை முடிந்து போதகரைப் பிடித்தேன். இளம் ஆள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"ஐயா, எங்கட ஆக்கள் இந்த வயசு போட்டு வாற படங்களைப் பாக்கலாமா, கூடாதா?"

"அது படத்தைப் பொறுத்ததக்கா. பாக்கிறவங்கட மனசையும் பொறுத்தது."

"பொறுத்தது எண்டா ஓமா, இல்லையா?"

அவர் சிரித்தார். "ஜெபிச்சுப் பாருங்க."

ஜெபித்துப் பார்த்தேன். கர்த்தரும் பட்டியல் ஒன்றும் தரவில்லை. படித்த மனிதர்களுக்கு 'பொறுத்தது' என்ற சொல்லோடு நித்திரை வருகிறது. எனக்கு வருவதில்லை. எனக்கு ஒரு கோடு கீறித் தரவேண்டும், இந்தப் பக்கம் நில், அந்தப் பக்கம் போகாதே என்று. ஒருவரும் கீறித் தராதபடியால் நானே கீறினேன்.

மகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அந்தச் சனிக்கிழமை வீட்டில் சேர்ந்து பார்க்கப்போகும் படத்தை நான் முதலில் பார்த்துவிடுவேன். ஒரு கண் ஊசியில், ஒரு கண் டிவியில். கூடாத இடம் வந்தால் மெஷினை நிறுத்தி, எண்பது பக்கக் கொப்பி ஒன்றில் நிமிடத்தை எழுதுவேன். அங்கே என்ன நடக்கிறது என்று எழுத எனக்குக் கை ஓடாது. நான் திடீரென்று செத்துப்போய், யாராவது கொப்பியைத் திறந்து வாசித்தால்? அதனால் அந்த நேரத்தில் மகளை என்ன வேலைக்கு அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் எழுதினேன். சின்ன விஷயமென்றால், வாசல் கேற் பூட்டியிருக்கிறதா பார். கொஞ்சம் நீளமென்றால், கொடியில் உடுப்பு எடு. பெரிய விஷயமென்றால் தேத்தண்ணி, ஏனென்றால் தண்ணீர் கொதிக்க வேண்டும். அவள் குசினிக்குள் நுழைந்ததும் ரிமோட்டை அமத்தி அந்த இடத்தைத் தாண்டிவிடுவேன். வீட்டுக்காரர் பத்தாவது நிமிடத்திலேயே குறட்டை விடுகிறவர், அவரால் தொந்தரவு இல்லை.

நேரம் சரிதானா என்று இன்னொரு தரம் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. நேரம் பிழையாகிவிட்டால் பிள்ளை கோப்பையோடு வந்து நடுவில் நிற்பாளே. இப்படிப் பார்த்தால், எங்கள் சபையில் பார்க்கக்கூடாததையெல்லாம் இரண்டிரண்டு தரம் பார்த்தவள் நான் ஒருத்திதான். அது எனக்கு நெடுநாளாகத் தோன்றவேயில்லை. ஆலயத்தில் நல்லவளாகத்தான் இருந்தேன். மாதர் சங்கத்தில் ஜெபம் நடத்தினேன்.

பிறகு அந்தத் தையல்காரியின் படம் வந்தது.

மூலையில் பதினெட்டு என்றுதான் போட்டிருந்தது. ஆனால் ஒரு கார்மென்ட் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணைப் பற்றிய கதை என்றதும் விடமுடியவில்லை. அவள் நூல் நுனியை வாயில் நனைத்துக் கோர்க்கிற விதம், ஊசிகளைப் பல்லில் கடித்துக்கொண்டு கதைக்கிற விதம், எல்லாம் அப்படியே இருந்தது. என் தொழிலையும் ஒருவர் படமாக எடுத்திருக்கிறார், இதை என் மகள் பார்க்கத்தான் வேண்டும் என்று நினைத்தேன். பத்தொன்பதாவது நிமிடத்தில் புருசனும் பெண்சாதியும், அதற்குக் கேற். ஒரு மணி ஏழாவது நிமிடத்தில் சுப்பவைசர் அவளைத் துணி அடுக்கும் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைப் பூட்டுகிறான். நான் மெஷினை நிறுத்தினேன். அன்று அதற்குப் பிறகு ஒரு தையலும் ஓடவில்லை. கொப்பியில் எழுதியது மட்டும் வழமைபோல், தேத்தண்ணி. ஒன்றரை மணியளவில் அவள் ஒரு பெண் பொலிசிடம் நடந்ததைச் சொல்கிறாள். காட்சி ஒன்றுமில்லை, சொல் மட்டும்தான். அந்தச் சொற்களுக்கும் பயந்து, கொடியில் உடுப்பு என்று எழுதினேன்.

சனிக்கிழமை பின்னேரம் எல்லாம் பிசகில்லாமல் நடந்தது. கேற், தேத்தண்ணி, உடுப்பு. படத்தின் கடைசியில் அந்தப் பெண் பெரிய கத்திரிக்கோலை எடுத்து, தைத்து அடுக்கி வைத்த சேட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக வெட்டுகிறாள்.

"ஏனம்மா அவ இதெல்லாத்தையும் வெட்டுறா?" என்று மகள் கேட்டாள்.

"சுப்பவைசர் ஏசினவன்தானே."

"ஏசினதுக்கா? வீட்ட போய்ப் புருசனோடயும் முகம் குடுத்துக் கதைக்கிறாவில்ல. பொறுமையே இல்லாத மனுசி."

"ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு, விழாத நூல்கட்டையைத் தேடி மேசைக்குக் கீழே குனிந்தேன்.

இரண்டு கிழமை கழித்து வாலிபர் கூட்டம். கிறிஸ்தவர்கள் இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கலாமா என்பதுதான் அன்றைய தலைப்பு. நான் பற்றிஸ் பலகாரத் தட்டோடு பின்னால் நின்றேன். ஒருவர் பார்க்கவே கூடாது என்றார், ஒருவர் மனச்சாட்சி என்றார், ஒருவர் 'பொறுத்தது' என்றார். பிறகு என் மகள் எழும்பினாள்.

"மூலையில போடுற நம்பரைப் பாத்து முடிவெடுக்கக் கூடாது. நான் ஒரு படம் பாத்தனான், பதினெட்டு எண்டு போட்டிருந்தது. அதில பிழையா ஒண்டுமே இல்ல. குடும்பத்தோட இருந்து பாக்கலாம். பொறுமை இல்லாட்டி ஒரு பொம்பிளைட வாழ்க்கை எப்பிடிப் போகும் எண்டு அதில காட்டுறாங்க."

படத்தின் பேரையும் சொன்னாள். கை தட்டினார்கள். இரண்டு பேர் பேரைப் போனில் எழுதிக்கொண்டார்கள். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் பற்றிஸ் பங்கிடப் போனேன்.

மாதர் சங்கத் தலைவி அக்காவின் வீட்டுக்கு அடுத்த ஞாயிறு மட்டக்களப்பிலிருந்து சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வந்திருக்கிறார்கள். சாப்பாடு ஆகும்வரைக்கும் ஒரு நல்ல படம் பார்ப்போமென்று, எங்கள் ஞாயிறு பாடசாலை ரீச்சரே சொன்ன படமாயிற்றே என்று, அக்கா அதையே போட்டுவிட்டார். கேற் வந்தபோது எல்லாரும் செருமினார்களாம். தேத்தண்ணி வந்தபோது ரிமோட்டைத் தேடினார்களாம். அது சம்பந்தியார் இருந்த குஷனுக்குக் கீழே கிடந்திருக்கிறது. அவரை எழும்பச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

திங்கள் காலையிலேயே அக்கா வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"உங்கட மகள் வாய் கூசாமப் பொய் சொல்லியிருக்காள்!"

மகள் பள்ளிக்கூட உடுப்போடு வெளியில் வந்தாள். "நான் முழுக்கப் பாத்தனான் ஆன்ரி. அப்பிடி ஒண்டும் அதில இல்ல."

"இல்லையோ? எங்கட சம்பந்தியார் புரியாணியத் தொடாம எழும்பிப் போனவர். இல்லையாம்! இவள் சின்னப் பிள்ளையளுக்கு என்னத்தப் படிப்பிக்கிறாளோ?"

பின்னேரம் போதகர் போன் எடுத்தார். சனிக்கிழமை கூடிக் கதைக்கும்வரைக்கும் பிள்ளை வகுப்பு எடுக்க வேண்டாம் என்றார். மகள் கடதாசியில் வெட்டிய ஆட்டுக்குட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "நீங்களும் என்னோட இருந்து பாத்தீங்கதானேம்மா. அதில என்ன இருந்தது? சொல்லுங்களன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேத்தண்ணி குடிக்கிறியா மகள்?" என்று கேட்டேன்.

அந்தக் கிழமை முழுக்கத் தைத்ததை உரித்தேன், உரித்ததைத் தைத்தேன். சொன்னால் நான் என்ன பெண் என்று ஊர் கேட்கும். சொல்லாவிட்டால் என் பிள்ளை பொய்க்காரி. வெள்ளிக்கிழமை மருதமுனையிலிருந்து, நான் ராத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்கா, தைக்கக் கொடுத்த அபாயாவை வாங்க வந்தார். பத்து வருடமாக என்னிடம் தைப்பிக்கிறவர். அபாயாவின் கைகளை நான் மாற்றிப் பூட்டித் தைத்திருப்பதைப் பார்த்து, "என்னகா புள்ள, ஒரு கை முன்னுக்கு, ஒரு கை பின்னுக்கு? நான் எந்தப் பக்கமாப் போற?" என்று கேட்டார். அவ்வளவுதான், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நீ பரவாயில்ல. எங்கட ஊட்ட மனிசன் அந்தக் கட்டம் வந்தா வாசல் முற்றத்துக்கு எழும்பிப் போவாரு. முடிஞ்சிட்டா எண்டு வெளியில நிண்டு இருமுவாரு. நான் திரும்பி இருமோணும். நேத்து நான் மறந்திட்டன், பாவம், மனிசன் ஒரு மணித்தியாலம் நுளம்புக் கடியில நிண்டிரிக்காரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்கு என்ன செய்யிற ராத்தா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "புள்ள கண்டதத்தானே செல்லிச்சி? காணாதத நீதானே மறச்ச? அப்ப நீதான் செல்லோணும். படைச்சவனுக்குத் தெரிஞ்சத அந்தத் தலைவிக்குச் செல்ல என்னகா வெக்கம்? அந்தக் கைய மாத்திப் பூட்டு, நான் இரிக்கன்."

சனிக்கிழமை பின்னேரம் தேவாலயத்தின் பக்கத்து அறையில் போதகர், தலைவி அக்கா, சபைச் செயலாளர் மூவரும் இருந்தார்கள். செயலாளர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அதிபர் என்றால் இன்றைக்கும் எழும்பி நிற்கத்தான் தோன்றும். மகள் சுவரோரம் நின்றாள். அவளைப் பேச விடாமல் நான் கொப்பியை மேசையில் வைத்தேன்.

அதிபர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "பத்தொன்பது, கேற். ஒண்டு ஏழு, தேத்தண்ணி. ஒண்டு முப்பத்தொண்டு, கொடியில உடுப்பு. இதென்ன பிள்ளை, வீட்டு வேலைப் பட்டியலா?"

"அந்த நேரங்களில மகளை நான் வெளியில அனுப்பினனான், சேர். அவ திரும்பி வாறத்துக்கிடையில அந்த இடத்தத் தாண்டி ஓட்டிப்போடுவன். அவ அதப் பாக்கல்ல. பொய் சொல்லவுமில்ல."

"எதப் பாக்கல்ல?" என்று போதகர் கேட்டார்.

அதைத்தான் கேட்கக்கூடாதென்று கிழமை முழுக்க ஜெபித்தேன். கொப்பியில் எழுதாமல் தப்பியதை இப்போது வாயால் சொல்ல வேண்டும், அதுவும் இவர்களுக்கு முன்னால்.

"அந்த அறைக்க அவன் கதவைப் பூட்டினவன் ஐயா. அவ கத்தினவ. நூறு மெஷின் ஓடுற சத்தத்தில ஒருத்தருக்கும் கேக்கல்ல. அதுதான் தேத்தண்ணி. மறுகா அதப் பொலிசில சொல்லுறா. அதுதான் உடுப்பு."

தலைவி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப நீங்க முழுக்கப் பாத்தனீங்களோ?"

"ஓமக்கா. ரெண்டு தரம்."

அதிபர் கொப்பியின் முன்பக்கங்களைப் புரட்டினார். "இதிலயும் தேத்தண்ணி எண்டு கிடக்கு. இது என்ன?"

எட்டிப் பார்த்தேன். "அது ஒரு பாட்டு சேர். கடற்கரையில, உடுப்புக் குறைச்சலா."

"அந்தப் பாட்டும் தேத்தண்ணி, இந்தப் பிள்ளைக்கு நடந்த அநியாயமும் தேத்தண்ணி. ரெண்டும் ஒண்டா?"

அப்போதுதான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். தன் பெயர் தப்பியதைப் பற்றி அவள் யோசிக்கவேயில்லை. முகம் வெளுத்திருந்தது.

"அப்ப அவ அதுக்குத்தான் வெட்டினவ," என்றாள். "நான் அத்தனை பேருக்கு முன்னால அவவப் பொறுமை இல்லாதவ எண்டு சொல்லிப்போட்டன். நீங்க ஏசினவன் எண்டுதானேம்மா சொன்னீங்க?"

பொய் சொன்னது யாரென்று அந்த அறையில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

மூவரும் கூடிக் கதைத்து முடிவு சொன்னார்கள். மகள் வகுப்பை எடுக்கலாம். நான் மாதர் சங்கத்தில் இரண்டு மாதம் ஜெபம் நடத்த வேண்டாம். பொய்க்காகவென்றால் தலை குனிந்து வாங்கியிருப்பேன். "முழுக்கப் பார்த்ததற்காக" என்றார்கள். அதே படத்தைத் தலைவி அக்காவும் முழுக்கத்தான் பார்த்தவர். ரிமோட் கிடைக்காதபடியால் அது பாவத்தில் சேராதாம். பார்க்கலாமா கூடாதா என்று நான் கேட்டபோது 'பொறுத்தது' என்றவர்களுக்கு, தண்டனை என்று வந்ததும் மட்டும் ஒரே சொல்லில் பதில் இருக்கிறது!

வெளியில் செருப்புப் போடும்போது அக்கா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கொப்பிய ஒரு நாளைக்குத் தாங்களன். அடுத்த மாசமும் சம்பந்தியாக்கள் வாறாங்க."

நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அந்த இரண்டு மாதம் ஒரு மாதமாகியிருக்கலாம்.

மறுநாள் மகள் ஆட்டுக்குட்டிகளோடு வகுப்புக்குப் போனாள். வகுப்பு முடிய வாலிபர்களிடமும் போய், அந்தப் பெண்ணைப் பற்றித் தான் சொன்னது பிழை, பாதிப் படத்தை வைத்துச் சொன்னது என்று சொல்லிவிட்டு வந்தாள். என் பெயரை எடுக்கவில்லையாம். அது எனக்கு இன்னும் குத்தியது.

சாப்பிட்ட பிறகு அவள் டிவியைப் போட்டு, ரிமோட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதே படம். வீட்டுக்காரர் பாயில் குறட்டை விடத் தொடங்கினார். அந்த இடம் நெருங்க நெருங்க என் கால் தானாக எழும்பியது.

"எங்க போறீங்க?"

"தேத்தண்ணி..."

"இருங்கம்மா."

இருந்தேன். அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், காய்ச்சல் பிள்ளையைப் பார்ப்பது போல. ஒரு இடத்தில் கண்ணை மூடினாள். பிறகு அவளே திறந்தாள். பொலிசில் சொல்லும் இடத்தில் என் கையைப் பிடித்தாள். பிடித்த பிடி நோகும் பிடி. அவளுக்கு இதைக் காட்டியது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான்கு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, நான் நான்கு நாளும் நித்திரை கொள்ளவில்லை. காட்டாமல் விட்டது பிழை என்பது மட்டும் தெரியும்.

படம் முடிந்ததும் டிவியை நிறுத்திவிட்டு மெஷின் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தாள். கொப்பியை எடுத்து எண்ணிப் பார்த்தாள். இருபத்தாறு படம்.

"முதலாம் பக்கத்தில இருந்து சொல்லுங்க. ஒவ்வொண்டும் என்னத்துக்கு எண்டு."

"எல்லாத்தையுமா? உனக்கென்ன விசரா பிள்ளை?"

"எல்லாத்தையும்தான். எந்தெந்தப் படத்தில நான் யாரைப் பிழையா நினைச்சு வைச்சிருக்கிறனோ."

அவள் பேனையையும் எடுத்துக்கொண்டு பாயில் எனக்கு முன்னால் இருந்தாள். முதலாம் பக்கத்தில் ஐம்பத்திரண்டாம் நிமிடம், தேத்தண்ணி என்று என் கோணல் எழுத்தில் இருந்தது. நெற்றியைப் பிசைந்து பிசைந்து யோசித்தேன். அது எதற்கென்று எனக்கே மறந்துபோயிருந்தது.